மரத்துக்கு அங்கிட்டு

ஜூன் 22, ஞாயிறு

இந்த டைரியை ஜனவரியில் ஒரு கண்ணாடி ஃபிரேம் கம்பெனிக்காரர் கடைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. எழுந்தேன், கடைக்குப் போனேன், ஊர் சனத்தின் கண்ணையெல்லாம் சோதித்தேன், வந்து படுத்தேன் என்று எழுதுவதற்கு எதற்கு டைரி? இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. ஒரு மரம்.

பெண் பார்த்த கதை என்று நினைக்க வேண்டாம். அது ஊற்றி மூடியாகிவிட்டது. அந்தக் கண்றாவியை முதலில் சுருக்கமாக எழுதித் தொலைத்துவிட்டு மரத்துக்கு வருகிறேன்.

இப்போதெல்லாம் யாரும் வீட்டில் வைத்துப் பெண் காட்டுவதில்லை. சரிப்பட்டு வராவிட்டால் தெருவே துக்கம் விசாரிக்கும். அதனால் கோயில், இல்லாவிட்டால் பூங்கா. இரண்டு குடும்பமும் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக 'எதார்த்தமாக' எதிரெதிரே வந்துவிட வேண்டும். கோயில் படிகளில் என்னைப் பல தடவை காட்டியாகிவிட்டது. இனிமேல் அங்கே உட்கார்ந்தால் அர்ச்சகரே 'இந்த வாரமுமா?' என்று கேட்பார். எனக்கு முப்பத்து மூன்று முடியப் போகிறது. ஆகவே கண்மாய்ப் பூங்கா, ஆலமரத்தடி, மாலை மூன்றரை மணி. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். போட்டோவும் கைமாறியாகிவிட்டது.

எங்கள் தரப்பில் போன் பேசுகிறவர் தவமணி மாமா, அம்மாவின் தம்பி. அம்மா போன பிறகு என் கல்யாணத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர். அவர்கள் தரப்பில் பையனின் அத்தை. நாங்கள் போய் ஒரு பெரிய அடிமரத்தின் பக்கத்தில் நின்றோம். மூன்றரை ஆனது. யாரையும் காணோம். மாமா போனைப் போட்டார்.

"நாங்க மரத்தடியிலதான் நிக்கிறோம்."

ஸ்பீக்கரில் அத்தை சொன்னார்: "நாங்களும் மரத்தடியிலதாங்க நிக்கிறோம். உங்களத்தான் காணோம்."

"மரத்தடியில எங்கிட்டு?"

"மரத்தடின்னா மரத்தடிதான். அதுல என்ன அங்கிட்டு இங்கிட்டு?"

"மெயின் மரத்துக்கிட்ட நிக்கிறோம்ங்க. நீங்க எந்திரிச்சு இங்கிட்டு வாங்க."

"மெயின் மரத்துக்கிட்ட நாங்கல்ல நிக்கிறோம்! மாப்பிள்ள வீட்டுக்காரங்க நாங்க வந்து உங்களத் தேடணுமாக்கும்?"

"அப்ப பொண்ணக் கூட்டிக்கிட்டு நாங்க அங்கிட்டும் இங்கிட்டும் அலையணுமோ?"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ராகு காலம் வந்துவிட்டது. 'ஒழுங்கா ஒரு எடத்துல நிக்கத் தெரியாதவய்ங்க வீட்டுல பொண்ணக் குடுத்தா வெளங்கும்' என்று மாமா போனை அணைத்தாராம். அந்தப் பக்கத்திலும் இதே மாதிரி ஏதோ சொல்லியிருப்பார்கள். முடிந்தது கதை.

இனி மரம். பூங்கா வாசலில் இறங்கி, "மரம் எங்கப்பா?" என்றுதான் கேட்டேன். எதிரே ஒரு தோப்பு மட்டும் தெரிந்தது. "இதாம்மா மரம்" என்றார் அப்பா. அந்தத் தோப்பு முழுக்க ஒரே மரம்! கிளை போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. களைத்த இடத்தில் ஒரு விழுதை இறக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு மறுபடி போகிறது. அந்த விழுது தடித்து, தானே ஒரு மரம் என்று நின்றுகொண்டிருக்கிறது. கிழக்கே ஒரு கிளை நடைபாதையைத் தாண்டி, ஊஞ்சல்களைத் தாண்டி, சுவருக்கு மேலே எட்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் நிழல் கொடுக்கிறது. யாருப்பா உன்னைக் கேட்டது? அவ்வளவு பெரிய மனசு.

மாமா போனில் இருக்கும்போது மரத்தின் விளிம்பு எங்கே என்று பார்த்துவிட்டு வரலாமே என்று நழுவினேன். உள்ளே போகப் போக விழுதுகள் தூண் தூணாக நிற்கின்றன. கிளிகள் கத்துகின்றன. பழம் தலையில் விழுகிறது. யாரோ ஒருவரும் என்னைப் போலவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

"இதுல எதுங்க ஒரிஜினல் மரம்?" என்று கேட்டார்.

"அதத்தான் நானும் தேடுறேன்" என்றேன்.

சேர்ந்து தேடினோம். தேட ஆள் துணை இருந்தால் நல்லதுதானே. இரண்டு தடிமரங்களைக் காட்டி எது பெரிது என்று கேட்டார். எனக்குக் கடைப் பழக்கம், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க டாக்டர்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கிளிகள் பறந்துவிட்டன.

கடைசியில் நட்டநடுவில் போய்ப் பார்த்தால் மரமே இல்லை. வட்டமாக வெட்டவெளி. மக்கிப்போன ஒரு கட்டை, மேலே கொஞ்சம் வானம். தாய்மரம் என்றைக்கோ போய்விட்டது. விழுதுகள்தான் இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

நான் திரும்பி வந்தபோது மாமா மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்பா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாராம், எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். சட்டைத் தோளெல்லாம் மரத்தூசி. தட்டிவிட்டேன். "மரம் எப்படிம்மா?" என்று கேட்டார். வீடு வந்து சேரும்வரை மரத்தைப் பற்றியே பேசினேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்று ஒரு சின்ன விவரத்தை எழுத விட்டுப்போயிற்று. அந்த 'யாரோ ஒருவர்' மாப்பிள்ளைதான். நன்மாறன். விழுதுக்கு விழுது தாண்டி வரும்போதே போட்டோவில் பார்த்த முகம் என்று தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் தெரியாத மாதிரி மரத்தைப் பற்றிப் பேசினோம். அது என்னமோ சுகமாக இருந்தது.

பெரியவர்களைக் கூப்பிட்டு 'இதோ இருக்கிறார்கள்' என்று காட்டியிருக்கலாம். அப்புறம், 'ரெண்டு பேரும் தனியா என்னடி பண்ணுனீங்க?' என்று ஆகும். அதனால் அவரவர் பக்கம் போய் நல்ல பிள்ளையாக நிற்போம், எப்படியும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டோம். மரத்தைப் பார்க்கும் சுவாரசியத்தில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான்.

மரம் இவ்வளவு அகலமாக இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 24, செவ்வாய்

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் பூங்காவுக்குப் போனேன். நடப்பது கண்ணுக்கு நல்லது. பச்சையைப் பார்ப்பது அதைவிட நல்லது.

அவரும் வந்திருந்தார். தற்செயல்தான். லிஃப்ட் மெக்கானிக்காம். "நாள் பூராம் மேல போறேன், கீழ வர்றேன். அகலமா ஒண்ண ஆசை தீரப் பாத்ததே இல்லங்க. அதான் வந்தேன்" என்றார். நியாயமான காரணம். நானும் அதே காரணத்துக்காகத்தான் வந்தேன் என்றேன். இரண்டு பேரும் மரத்தைப் பார்த்தோம். பெரும்பாலும் மரத்தைத்தான்.

வீட்டில் நிலவரம் எப்படி என்று கேட்டேன். அத்தை எரிமலையாம். எங்கள் மாமா சுனாமி என்றேன்.

வாசலில் பருத்திப்பால் வாங்கித் தந்தார். கருப்பட்டி தூக்கல்.

ஜூன் 26, வியாழன்

அப்பா புதிதாக நடைப்பயிற்சி ஆரம்பித்திருக்கிறார். காலையில் வெள்ளனவே கிளம்பிவிடுகிறார். எங்கே? கண்மாய்ப் பூங்காவுக்கு! மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனதிலிருந்து வாசற்படி தாண்டாத மனுசன்.

"அங்க எதுக்குப்பா அவ்வளவு தூரம்?"

"நாம நின்னதுதான் மெயின் மரம். அத நிரூபிக்காம விடமாட்டேன். என்னா பேச்சுப் பேசுனாய்ங்க!"

நல்லவேளை, அவர் காலை, நான் மாலை. ஒரே மரத்துக்கு அப்பாவும் மகளும் இரண்டு ஷிஃப்ட் போட்டுக் காவல் காக்கிறோம்.

கடையில் ஒரு அம்மாவுக்கு மைனஸ் பவரை பிளஸ் என்று எழுதிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். தலைவலி என்று சமாளித்தேன். தலைவலியாம்! எனக்குத் தலை என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை.

ஜூன் 28, சனி

அப்பாவுக்குப் பூங்காவில் ஒரு சிநேகிதர் கிடைத்திருக்கிறார். காலை இட்லியை வைத்துக்கொண்டு அவர் புராணம்தான்.

"எப்பேர்ப்பட்ட மனுசங்கிற! தங்கம். பாவம், அவருக்கும் நம்ம கததான். ஏதோ ஒரு பொண்ணு வீட்டுக்காரய்ங்க பார்க்குக்கு வரச் சொல்லிட்டு ஏமாத்திட்டாய்ங்களாம். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உக்காந்து திட்டித் தீத்தோம்."

"அவரு பேரு என்னப்பா?"

"சார்."

"சார்னா?"

"சார்தான். அவரும் என்னை சார்ங்கிறாரு, நானும் அவரை சார்ங்கிறேன். பேரு எதுக்கு?"

மதுரையில் இன்னும் எத்தனை குடும்பம் இந்தப் பூங்காவில் வந்து இப்படி அசிங்கப்படுகிறதோ! மாலையில் இதை நன்மாறனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். அங்கே போனதும் மறந்துவிட்டேன். இன்று அவர் ஊதாச் சட்டை.

ஜூன் 29, ஞாயிறு

தெற்கே ஒரு கிளை யானை முதுகு மாதிரி தாழ்ந்து போகிறது. அதன் மேல் உட்கார்ந்து மரம் முழுக்கப் பார்க்கலாம். முழுக்க என்றால் முழுக்க இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இதுதான் எனக்கு இந்த மரத்தில் பிடித்தது. பார்த்து முடிக்கவே முடியாது.

"எனக்கும் அதுதாங்க பிடிச்சிருக்கு" என்றார் அவர். அவர் அப்போது மரத்தைப் பார்க்கவில்லை.

சேலையில் ஆலம்பழக் கறை. போகாது போலிருக்கிறது. போகட்டும், போகாவிட்டால் என்ன!

ஜூலை 1, செவ்வாய்

அப்பா ஒரு மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாருடையதாம். ஒரு கால் தனியாகக் கழன்று கிடந்தது. "எம்மக கண்ணாடிக் கடையிலதான் இருக்கு, ஒரே நாள்ல சரிபண்ணித் தரும்னு சொல்லிட்டேன்" என்று பெருமை வேறு.

கடையில் வைத்துப் பார்த்தேன். மரை தேயவில்லை, ஃபிரேம் நெளியவில்லை. திருகாணி மட்டும் இல்லை. தானாக விழுந்த மாதிரி இல்லை, யாரோ கழற்றின மாதிரி இருந்தது. பேரப்பிள்ளைகள் வேலையாக இருக்கும். புதுத் திருகாணி போட்டு, கண்ணாடியையும் துடைத்து, ஒரு நல்ல பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். பெட்டி மேலே எங்கள் கடைப் பெயர் பெரிதாக இருக்கும்.

ஜூலை 2, புதன்

ஐயோ! ஐயோ! ஐயோ!

அவர் இன்று மரத்தடியில் உட்கார்ந்ததும் பேச்சுவாக்கில், "எங்கப்பாவுக்கு பார்க்ல ஒரு ஃப்ரெண்ட் கெடச்சிருக்காரு. அவரு மக கண்ணாடி ரிப்பேர் பண்ணிக் குடுத்துருக்கு, ஒத்தப் பைசா வாங்கல" என்றார். அவர் கையில் எங்கள் கடைப் பெட்டி. காட்டலாம் என்று எடுத்து வந்தாராம். பெட்டியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். கடைப் பெயரை அவர் இப்போதுதான் படித்தார். என்னைப் பார்த்தார்.

"சார்?" என்றேன்.

"சார்!" என்றார்.

எங்கள் இரண்டு அப்பாக்களும் தினமும் காலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் குடும்பத்தை இன்னொருவரிடமே திட்டி, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பருத்திப்பால்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்தார். அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துக் கொடுக்க வேண்டும் இல்லையா, அதற்காகத்தான்.

ஜூலை 4, வெள்ளி

சிரிப்பு அடங்கின பிறகு பயம் வந்திருக்கிறது. சொல்லிவிடுவதா, வேண்டாமா?

சொன்னால் இரண்டு சாருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். நட்பும் போகும், மிச்சம் இருக்கிற நம்பிக்கையும் போகும். சொல்லாவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். ஆடி கழிந்ததும் சிவகாசியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாக அவருடைய அத்தை முடிவே பண்ணிவிட்டாராம். பெண் பேங்கில் வேலையாம். சிவப்பாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு மரந்தான் பிடிச்சிருக்குன்னேன். கிறுக்கான்னு கேட்டாங்க."

உண்மையை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு இவர் வேண்டும். வேறு யாரும் வேண்டாம். முன்பெல்லாம் பெண் பார்த்துவிட்டுப் போனால் 'வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் சாமி' என்று கும்பிடுவேன். இப்போது 'கெட்டுப்போய்விடக் கூடாது சாமி' என்று கும்பிடுகிறேன். பழக்கமில்லாத வேண்டுதல். வாய் குழறுகிறது.

ஜூலை 7, திங்கள்

அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே குண்டைப் போட்டார்.

"கயலு, சாருக்கு ஒரு பையன் இருக்கானாம். நல்ல பையனாம். பாத்துருவமா?"

எனக்கு ரசம் புரையேறிவிட்டது. தவமணி மாமாவும் இருந்தார்.

"என்னா மச்சான் நீங்க, பார்க்ல பாத்த ஆளுக்கெல்லாம் பொண்ணக் குடுப்பீகளா? ஜாதகம் எங்க?"

"பாத்துட்டேன். பத்துக்கு எட்டு."

"எப்பப் பாத்தீக? எனக்குத் தெரியாம?"

"எல்லாம் பாத்தாச்சுப்பா. அன்னைக்குப் பாக்கப் போன மாப்பிள்ள சாரு வீட்டுப் பையனா இருந்திருந்தா கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துருப்பேன்னு அவருகிட்டயே சொல்லிட்டேன். அவரும், உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா நான் எதுக்கு சார் வேற எடம் தேடுறேன்னாரு. அப்புறம் என்ன?"

மாமா போன் நம்பர் கேட்டார். நம்பர் வாங்கவில்லை என்றார் அப்பா. பெயர் கேட்டார். சார் என்றார் அப்பா. மாமா தலையில் அடித்துக்கொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து, "பிடிக்கலேன்னா வேணாம்மா" என்று மாமா வாசலில் நின்று சொன்னார். பாவம்.

வரும் ஞாயிறு. ஆனி முடிவதற்குள்.

ஜூலை 8, செவ்வாய்

கடையில் எல்லோரும் இன்று அழகாக இருந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்கள்கூட.

ஜூலை 10, வியாழன்

அவருக்கும் தூக்கமில்லையாம். இரண்டாம் மாடிக்குப் போக வேண்டிய லிஃப்டை ஐந்தாம் மாடிக்கு அனுப்பிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்த்ததும் மாமாவும் அத்தையும் கண்டுகொள்ளப் போகிறார்கள். அவரை மாமாவுக்குப் போட்டோவில் தெரியும். என்னை அத்தைக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு அப்பாக்களும் விட்டுக்கொடுக்காமல் நின்றால் பிழைப்போம். இல்லாவிட்டால் சிவகாசி.

"நடக்கலேன்னா என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன். இரண்டு விழுதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நடக்கும்ங்க" என்றார்.

ஜூலை 12, சனி

நாளைக்குக் கட்ட மாம்பழ மஞ்சளில் சேலை. அம்மாவுடையது. தேய்த்து வைத்தாயிற்று.

மாமா, "போன தடவ மாதிரி ஆகிறப்படாது மச்சான், மரத்துல எங்கிட்டுன்னு கேட்டுக்கங்க" என்றார். அப்பா நிதானமாகச் சொன்னார்: "நடுவுல மரமே இல்லாத ஒரு வெட்டவெளி இருக்கு. ஒரு மக்குன கட்ட கெடக்கும். அங்க."

எனக்குத் திக்கென்றது. அது எங்கள் இடம். எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சரி, தினமும் நடக்கிறவர், பார்த்திருப்பார்.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். அவசரத்தில் எழுத்து கோழிக்கிறுக்கலாக வருகிறது. பரவாயில்லை.

மூன்றரைக்கு விழுதுகளுக்குள் புகுந்து நடுவுக்குப் போனோம். நாங்கள் மேற்கே இருந்து, அவர்கள் கிழக்கே இருந்து. வெட்டவெளியில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது. அப்பா, "வாங்க சார்!" என்றார். எதிரே வெள்ளை வேட்டியில் வந்தவர், "வாங்க சார், வாங்க சார்!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் திருகாணி போட்ட கண்ணாடி அவர் மூக்கில் பளபளவென்று இருந்தது. அவருக்குப் பின்னால் பூத்தட்டோடு ஒரு அம்மாள். அவருக்கும் பின்னால் ஒரு விழுதோடு விழுதாக நன்மாறன்.

அந்த அம்மாள், "வாங்கங்க, எல்லாரும் சௌக்கியந்தானங்க?" என்றார்.

மாமா அப்படியே நின்றார். "இந்தக் கொரல நான் எங்கயோ கேட்டுருக்கேனே" என்றார்.

அத்தை மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது அந்தப் பொண்ணுல்ல?"

"அது அந்தப் பையன்ல?"

"ஏங்க, மரத்தடிக்கு வரச் சொல்லிட்டு ஒளிஞ்சுகிட்டது நீங்கதான?"

"யாரு ஒளிஞ்சா? மெயின் மரத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னோம் நாங்க!"

"மெயின் மரத்துல நின்னது நாங்க!"

"எதுங்க மெயின் மரம்? கைய நீட்டிக் காட்டுங்க பாப்போம்!"

அத்தை தட்டோடு கையை நீட்டினார். நீட்டிய கைக்கு நேரே ஒரு நூறு விழுது நின்றது. அவரே குழம்பிப்போய்க் கையை மெல்ல இறக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்மாறன் முகம் வெளுத்துவிட்டது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு மரத்துக்கு அங்கிட்டு நின்னது… நீங்களா சார்?"

"நாங்கதான் சார்."

"இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இல்ல சார். மொத நாள்லயிருந்தே தெரியும். உங்க பையன் போட்டோவ நான் பாத்துருக்கேன்ல? மூக்கு அப்படியே உங்களுது."

நான் நன்மாறனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தெரியுமாம்! முதல் நாளிலிருந்தே!

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?" சாரின் குரல் இறங்கிவிட்டது.

"சொல்லியிருந்தா அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருப்பீங்க சார்."

சார் யோசித்தார். "போயிருப்பேன்" என்றார். பிறகு, "உங்களத் தெரியாம, உங்களயே உங்ககிட்ட எவ்வளவு திட்டியிருக்கேன்! வாயில வராத வார்த்தையெல்லாம் சொன்னேனே சார்!"

"நானுந்தான கூடச் சேந்து திட்டுனேன்! உங்களவிட ரெண்டு வார்த்த சேத்தே திட்டுனேன் சார்."

சாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! இரண்டு பெரிய மனுசர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். கிளிகள் பறந்துபோயின. அத்தைக்கும் மாமாவுக்கும் சண்டையை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை.

"அதெல்லாம் சரி, யாரு யாரத் தேடி வந்ததா கணக்கு?" என்று அத்தை கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"யாரும் யாரையும் தேடி வரல தாயி. நீங்க கெழக்க இருந்து வந்தீங்க, நாங்க மேக்க இருந்து வந்தோம். நடுவுல நிக்கிறோம்" என்றார் அப்பா.

மாமா கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "ராகு காலம் வரப்போகுதுங்க! பூவ வைங்க மொதல்ல. சண்டைய ஆடியில வச்சுக்குவோம்."

அத்தை என் தலையில் பூ வைத்தார். இறுக்கிக் குத்தினார், கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. கன்னத்தை வழித்து நெட்டி முறித்தபோது அதுவும் போய்விட்டது. நன்மாறன் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த கண்ணில் தண்ணீர். அந்த ஊதாச் சட்டைதான் போட்டிருந்தார். ஆவணியில் கல்யாணம்.

திரும்பும்போது மாமா வண்டி எடுக்க முன்னால் போய்விட்டார். நானும் அப்பாவும் அந்த நீளக் கிளைக்குக் கீழே மெல்ல நடந்தோம்.

"மூக்கப் பாத்து கண்டுபிடிச்சீங்க, சரி. ஆனா சார் இங்க வருவாருன்னு எப்படிப்பா தெரியும்?"

"நம்மள மாதிரி ரோசக்காரரா இருந்தா, தான் நின்ன மரந்தான் மெயின் மரம்னு நிரூபிக்க வராம இருப்பாராம்மா? அங்கிட்டுப் போயி உக்காந்தேன். வந்துட்டாரு."

"அப்ப நீங்க நிரூபிக்கப் போகலயா?"

அப்பா சட்டைப்பையில் கைவிட்டு, மடித்த ஒரு தாளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். கடுகளவு திருகாணி. மூக்குக் கண்ணாடித் திருகாணி.

"அவரு மொகம் கழுவப் போனப்ப கழட்டுனேன். உங்கடைப் பெட்டியில போனா அந்தப் பையன் பாத்துருவான்ல? உனக்கும் வெவரம் வந்து சேரட்டும்னுதான். வாயத் தொறந்து சொல்ல எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"அன்னைக்கு உன்னைக் காணோம்னு தேடி உள்ள வந்தேன். யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நம்ம பிள்ள சிரிப்பு மாதிரி இருக்கே, ஆனா அது இப்படிச் சிரிக்காதேன்னு எட்டிப் பாத்தேன்." தலைக்கு மேலே கிளையை அண்ணாந்து பார்த்தார். "உங்கம்மா போனதுக்குப் பெறகு அன்னைக்குத்தாம்மா கேட்டேன். கூப்புட்டா நிறுத்திருவியேன்னு ஒரு விழுதுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். அதுக்குள்ள அங்க போன்ல எல்லாத்தையும் முறிச்சுப்புட்டாய்ங்க. எந்தலையில இடி. அதான், எப்படியாவது ஒட்ட வச்சிறணும்னு கெளம்பிட்டேன்."

அன்றைக்கு அப்பாவின் தோளில் நான் தட்டிவிட்ட தூசி ஞாபகம் வந்தது. ரோடு என்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும், எங்கள் மர நிழலில்தானே நிற்கிறார்கள்.

திருகாணியை இந்தப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இவ்வளவு பெரிய மரத்தில் எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது.